ஈப்போவில் தொடங்கிய நிப்பா: இரத்தப் பரிசோதனை 'ஆம்' என்றால் கிருமி பிடிபட்டதாகுமா?

காய்ச்சல் என்று கிளினிக்கிற்குப் போகிறோம். இரத்தம் எடுக்கிறார்கள். மறுநாள் தாளில் 'பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்' என்று ஒரு சொல் வருகிறது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் மருந்தும் கவலையும் நிம்மதியும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தப் பரிசோதனை இருக்கிறது, அது உண்மையில் எதைப் பார்த்தது என்று நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகமே பேசும் எடுத்துக்காட்டு நம் பேரா மாநிலத்தில்தான் இருக்கிறது. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைப் பகுதிகளில் தொடங்கிய மூளைக் காய்ச்சல் அது. அம்பாங், தம்புன், உலு பியா வட்டாரங்களில் பண்ணை வேலை செய்தவர்கள் கடுமையான காய்ச்சல், தலைவலி, மயக்கம் என்று மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் நினைவு திரும்பாமலேயே இறந்தார்கள். அது நிப்பா என்ற புதிய வைரஸ் என்று தெரியவர ஏறக்குறைய ஆறு மாதங்கள் ஆயின. நோய் ஓய்ந்தபோது மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பண்ணைகளில் கூலி வேலை செய்த இந்தியர்களும் இருந்தார்கள்.

இடைப்பட்ட அந்த ஆறு மாதங்களிலும் பரிசோதனைகள் நடக்காமல் இல்லை. நடந்தன, சிலருக்கு 'பாசிட்டிவ்' என்றும் வந்தது. அங்கேதான் சிக்கலே தொடங்கியது.

ஏன் ஜே.இ. என்று நினைத்தார்கள்?

ஜே.இ. எனப்படும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் நம் நாட்டுக்குப் புதிதல்ல. அந்த வைரஸ் பன்றியின் உடலில் பெருகும். கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவரும். பன்றிப் பண்ணை, மூளைக் காய்ச்சல், கொசு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருந்தபோது அதிகாரிகள் முதலில் ஜே.இ.யைச் சந்தேகித்ததில் தவறு காண முடியாது. நோயாளிகள் சிலரின் மாதிரிகளில் ஜே.இ.க்கு எதிரான 'ஐ.ஜி.எம்.' எதிர்ப்பொருளும் காணப்பட்டது. சந்தேகம் முடிவாகிவிட்டது. கொசு மருந்துப் புகை அடித்தார்கள், ஜே.இ. தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

கண்ணுக்கு எதிரே பொருந்தாத விவரங்கள் பல இருந்தன. ஜே.இ. பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. ஆனால் பன்றியை நேரடியாகத் தொட்டு வேலை செய்தவர்களுக்கே நோய் வந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்றிகளே நோயுற்றுத் தொலைதூரம் கேட்கும்படி குரைப்பது போல இருமின. ஜே.இ. வந்த பன்றி அப்படி இருமாது.

இதற்கிடையே பேராவிலிருந்து பன்றிகள் தெற்கே விற்கப்பட்டன. நோயும் லாரியேறிப் போனது. நெகிரி செம்பிலானில் சிக்காமாட், பிறகு புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா என்று பரவியது. அங்கே பாதிப்பு பேராவைவிடப் பன்மடங்கு அதிகமாக இருந்தது. 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடங்களில் வேலை செய்தவர்கள் உட்பட 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார்.

எதிர்ப்பொருள் சோதனை: கிருமியின் காலடித் தடம்

அந்த ஜே.இ. பரிசோதனை பொய் சொன்னதா? இல்லை. அது எதைப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

கிருமி உடலுக்குள் வந்தால் அதை எதிர்க்க உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. 'எலிசா' போன்ற பரிசோதனைகள் தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான், கிருமியை அல்ல. திருடன் வந்து போன காலடித் தடத்தைப் பார்ப்பது போன்றது இது. தடம் இருந்தால் யாரோ வந்திருக்கிறார் என்று தெரியும். ஆனால் நேற்றிரவு நகையை எடுத்தவரின் தடமா, போன வாரம் வந்து போனவரின் தடமா என்பது தனிக் கேள்வி.

ஜே.இ. ஏற்கெனவே உலவும் நாட்டில், பன்றிகளின் அருகில் வாழ்வோரின் இரத்தத்தில் ஜே.இ. எதிர்ப்பொருள் இருப்பது வியப்பில்லை. தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பொருள் உண்டாகும். அதோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கிருமிகளின் எதிர்ப்பொருள்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். டிங்கியும் ஜே.இ.யும் ஒரே வைரஸ் குடும்பம் என்பதால், ஒன்றுக்கான பரிசோதனையில் மற்றொன்றின் எதிர்ப்பொருளும் சில நேரம் ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஒட்டிக்கொள்ளும் குணம் எப்போதும் கெடுதல் என்றும் சொல்ல முடியாது. தோட்டப்புறத்தில் ஒரு காலத்தில் அதுவே உதவியது. 1920களில் மலாயாவின் தோட்டத் தொழிலாளர்களிடையே டைபஸ் காய்ச்சல் பரவியிருந்தது. கோலாலம்பூரில் 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிளெட்சர், லெஸ்லர் என்ற மருத்துவர்கள் நோயாளிகளின் இரத்தத்தை 'வைல்-பீலிக்ஸ்' முறையில் சோதித்தார்கள். டைபஸுக்குக் காரணமே இல்லாத 'புரோட்டியஸ்' என்ற பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் சோதனை அது. டைபஸ் நோயாளியின் எதிர்ப்பொருள் தற்செயலாக அந்தப் பாக்டீரியாவையும் பிடித்துத் திரளச் செய்யும்.

பட்டணத்துக் கடைப் பகுதிகளில் நோயுற்றவர்களின் இரத்தம் ஒரு வகைப் புரோட்டியஸைத் திரட்டியது. புதர்க்காட்டிலும் தோட்டத்திலும் நோயுற்றவர்களின் இரத்தம், கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த இன்னொரு வகையைத் திரட்டியது. ஒரே காய்ச்சல் போலத் தெரிந்தது இரண்டு நோய்கள் என்று இப்படித்தான் தெரியவந்தது. ஒன்று எலித் தெள்ளுப்பூச்சியால் வருவது. மற்றொன்று புதரில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணியால் வருவது. பால்மரமும் செம்பனையும் நட்டுப் புதர் வெட்டிய நம் முன்னோரை வாட்டியது இரண்டாவது வகை.

ஆக, எதிர்ப்பொருள் சோதனை ஒரு நல்ல துப்பு. மலிவானது, விரைவானது. ஆனால் துப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

கிருமியையே வளர்த்துப் பார்ப்பது

நிப்பா விவகாரத்தில் கதவைத் திறந்தது மெதுவான பழைய முறைதான். 1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் இட்டார். அப்போது அவர் பேராசிரியர் லாம் சாய் கிட்டின் துறையில் நுண்ணுயிரியல் பயிற்சியில் இருந்தவர். சில நாட்களில் அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து பெரிய கட்டிகளாயின. ஜே.இ. வைரஸ் இப்படிச் செய்வதில்லை. பழக்கமான வைரஸ்களுக்கான எதிர்ப்பொருள்களை அதன்மேல் இட்டுப் பார்த்தார்கள், எதுவும் ஒட்டவில்லை.

இந்த முறையின் பலம் என்னவென்றால், எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. உயிருள்ள கிருமி மாதிரியில் இருந்து, அதற்கு ஏற்ற இடமும் கிடைத்தால், அது வளர்ந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். பலவீனமும் உண்டு. நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். எல்லாக் கிருமியும் வளராது. கொடிய கிருமியானால் வளர்ப்பவர் உயிருக்கே ஆபத்து. நிப்பாவை இன்று மிக உயர்ந்த பாதுகாப்பு நிலை கொண்ட ஆய்வுக்கூடங்களில்தான் வளர்க்கிறார்கள்.

வளர்ந்த வைரஸ் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அதன் உருவம் ஜே.இ. குடும்பத்தைச் சேர்ந்ததாக இல்லை; தட்டம்மை வைரஸ் அடங்கிய குடும்பத்தின் சாயல் தெரிந்தது. 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கான எதிர்ப்பொருள் அதனுடன் ஒட்டியது. கடைசியில் மரபணு வரிசையைப் படித்தபோது, ஹெண்ட்ராவுக்கு நெருங்கிய உறவுதான், ஆனால் வேறொரு வைரஸ் என்பது உறுதியானது. நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வந்தது.

ஒரு முறை தனியாக இந்த வேலையைச் செய்துவிடவில்லை. வளர்ப்பு கிருமியைக் கொடுத்தது. நுண்ணோக்கி குடும்பத்தைச் சொன்னது. எதிர்ப்பொருள் உறவினரைக் காட்டியது. மரபணு பெயரை உறுதி செய்தது.

பலன் உடனே தெரிந்தது. கொசுவை விட்டுப் பன்றியைக் கவனித்தார்கள். பன்றி நடமாட்டத்தைத் தடை செய்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். 1999 மே மாதத்துக்குள் மனிதரிடையே நோய் அடங்கியது. பண்ணைக்காரர்கள் பலரின் வாழ்வாதாரமும் அதோடு போயிற்று. பின்னர் தியோமான் தீவின் பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரிலிருந்து அதே வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டு, அது இயற்கையில் எங்கே இருக்கிறது என்பதும் தெரியவந்தது.

பி.சி.ஆர்.: வேகம் அதிகம், ஆனால் முகவரி வேண்டும்

கோவிட் காலத்தில் பி.சி.ஆர். என்ற பெயர் வீடு வீடாகப் பரவியது. கிருமியின் மரபணுவில் ஒரு சிறு துண்டைத் தேடி, அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும் முறை அது. மாதிரியில் மிகக் குறைந்த கிருமி இருந்தாலும் கண்டுபிடிக்கும். சில மணி நேரத்தில் முடிவு வரும்.

ஆனால் தேட வேண்டிய துண்டு எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தபால்காரரிடம் முகவரி கொடுத்தால்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார். 1998இல் ஈப்போ நோயாளிக்கு ஜே.இ. பி.சி.ஆர். செய்திருந்தால், 'ஜே.இ. இல்லை' என்பதைச் சொல்லியிருக்கலாம். 'அப்படியானால் எது?' என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இருந்திருக்காது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2018 மே மாதம் கேரளாவின் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக் காய்ச்சல் வந்தது. மருத்துவர்கள் உடனே சந்தேகப்பட்டு மாதிரிகளை அனுப்பினார்கள். மணிப்பால் ஆய்வுக்கூடம் பி.சி.ஆர். முறையில் நிப்பாவைக் கண்டது. புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வுக் கழகம் உறுதி செய்தது. இங்கே மாதங்கள் பிடித்தது, அங்கே சில நாட்களில் முடிந்தது. பி.சி.ஆரின் வேகம் மட்டும் அதற்குக் காரணமில்லை. 1999இல் மலேசிய நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரிலிருந்து அந்த வைரஸை ஒருவர் பொறுமையாக வளர்த்தெடுத்ததால்தான் தேடுவதற்கு ஒரு முகவரியே இருந்தது.

நுண்ணோக்கியில் தெரிவதும் ஏமாற்றலாம்

'கண்ணால் பார்த்தாயிற்று, இனி என்ன சந்தேகம்?' என்று நினைக்கலாம். அதற்கும் நம் நாட்டிலேயே பாடம் உண்டு.

மலேரியாவை உறுதி செய்ய இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நல்ல முறை, இன்றும் நடப்பில் இருப்பது. சரவாக்கின் காப்பிட் பகுதியில் 'மலேரியே' என்ற வகை மலேரியா வழக்கத்துக்கு மாறாக அதிகமாகவும் கடுமையாகவும் இருப்பதாகத் தகடுகள் காட்டின. மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பல்பீர் சிங்கும் டாக்டர் ஜேனட் காக்ஸ் சிங்கும் அந்த மாதிரிகளைப் பி.சி.ஆரில் சோதித்தார்கள். 2004இல் வெளியான அவர்களின் ஆய்வில் 208 நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது 'நோலெசி' என்ற குரங்கு மலேரியா. 'மலேரியே' வகை ஒருவரிடமும் இல்லை.

நுண்ணோக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனால் மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். சாதாரணம் என்று விட்டால் உயிருக்கே ஆபத்து. 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டிலேயே பரவும் மனித மலேரியா பதிவாகவில்லை. ஆனால் காட்டோரத்தில் வேலை செய்வோருக்கு நோலெசி இன்றும் வருகிறது.

காசநோயில் மூன்று முறைகளும் ஒரே இடத்தில்

இந்த முறைகளின் நிறைகுறைகளை ஒரே நோயில் பார்க்க வேண்டுமானால் காசநோயைப் பார்க்கலாம்.

சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அன்றே முடிவு தெரியும், செலவும் குறைவு. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் குறைவாக இருப்பவருக்கு 'இல்லை' என்று வந்துவிடும்.

அதே சளியை வளர்ப்பில் இட்டால் மிகச் சில கிருமிகள் இருந்தாலும் வளர்ந்துவிடும். எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதையும் சோதிக்கலாம். ஆனால் காசநோய்க் கிருமி மெதுவாக வளரும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

'ஜீன்எக்ஸ்பெர்ட்' என்ற கருவி மரபணு முறையில் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியைக் கண்டுபிடித்து, ரிபாம்பிசின் என்ற முக்கிய மருந்து வேலை செய்யுமா என்பதையும் சொல்லும். ஆனால் செத்த கிருமியின் மரபணுவும் அதில் தெரியும். ஆகவே மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் குணமாகிறாரா என்று பார்க்க அது ஏற்றதல்ல. அதற்கு நுண்ணோக்கியும் வளர்ப்பும்தான் வேண்டும்.

புதிய கருவி வந்ததால் பழைய முறை வீண் என்றாகிவிடவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

நாம் செய்யக்கூடியது என்ன?

ஆய்வுக்கூட முறையைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை. ஆனால் சரியான முறையைத் தேர்ந்தெடுக்கத் தேவையான விவரங்கள் பல நம்மிடம்தான் இருக்கின்றன.

முதலாவது, காய்ச்சல் தொடங்கிய நாள். 'ரெண்டு மூனு நாளா இருக்கு டாக்டர்' என்று தோராயமாகச் சொல்லாதீர்கள். டிங்கியில் முதல் ஐந்து நாட்களுக்குள் 'என்.எஸ்.1' என்ற கிருமிப் புரதத்தைத் தேடுவார்கள். எதிர்ப்பொருள் பொதுவாக அதற்குப் பிறகுதான் தெரியும். நாள் தவறினால், நோய் இருந்தும் முடிவு 'இல்லை' என்று வரலாம்.

இரண்டாவது, செய்யும் வேலையும் போன இடமும். செம்பனைத் தோட்டத்தில் வேலையா, சாக்கடை சுத்தம் செய்தீர்களா, ஆற்றில் குளித்தீர்களா, காட்டுக்குப் போனீர்களா, வீட்டில் ஆடு, மாடு, கோழி ஏதாவது நோயுற்றதா என்று சொல்லுங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் சிற்றுண்ணிக் காய்ச்சலும் தொடக்கத்தில் டிங்கி போலவே இருக்கும். மருத்துவர் சந்தேகிக்காத நோய்க்குப் பரிசோதனை எழுத மாட்டார். எழுதாத பரிசோதனையை ஆய்வுக்கூடம் செய்யாது.

மூன்றாவது, இரண்டாம் முறை இரத்தம் கேட்டால் எரிச்சல்பட வேண்டாம். 'முதல் இரத்தத்தைத் தொலைத்துவிட்டார்கள்' என்று வீட்டில் பேசிக்கொள்வதுண்டு. எலிச் சிறுநீர்க் காய்ச்சல் போன்ற நோய்களில், முதல் மாதிரிக்கும் சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து எடுக்கும் மாதிரிக்கும் இடையில் எதிர்ப்பொருள் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதுதான் ஆதாரம். பழைய தடமா, புதிய தடமா என்று பிரித்துச் சொல்வது அந்த இரண்டாவது மாதிரிதான்.

நான்காவது, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்கிவிட்டு மருத்துவமனைக்குப் போகாதீர்கள். அப்படிச் செய்துவிட்டால் கிருமி வளர்ப்பில் வளராமல் போகலாம். எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காசநோய்ச் சோதனைக்கு எச்சில் உதவாது. நன்றாக இருமி நெஞ்சிலிருந்து வரும் சளியைத் தர வேண்டும்.

ஐந்தாவது, முடிவு வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'டாக்டர், இது எந்த டெஸ்ட்? இதில் இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று அர்த்தமா?' நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். மருந்து கொடுத்தும் நோய் குறையவில்லை, அறிகுறிகளும் பொருந்தவில்லை என்றால், தாளில் 'பாசிட்டிவ்' என்று இருந்தாலும் மறுபடியும் போய்ச் சொல்லுங்கள்.

1998இல் ஈப்போ பண்ணையாட்கள் பன்றி இருமுவதைக் கண்டார்கள். பன்றியைத் தொட்டவருக்கே நோய் வருவதையும் கண்டார்கள். எந்த எலிசா தாளும் சொல்லாத செய்தி அது. நோயாளியும் அவர் குடும்பமும் பார்த்த விவரம், மருத்துவரின் சந்தேகம், ஆய்வுக்கூடத்தின் முறை ஆகிய மூன்றும் சேரும்போதுதான் கிருமி பிடிபடும். அடுத்த முறை கிளினிக்கில் உட்காரும்போது நம் பங்குக்குத் தெரிந்ததை முழுமையாகச் சொல்வோம்.